எழுபத்தொரு காப்புக் கயிறு

எல்லையம்மனுக்குக் காப்புக் கட்டிய அன்று ஆவாரம்பேட்டையில் இருந்தவர்கள்: பூசாரி தணிகாசலம், அவர் மனைவி, இரண்டு மகன்கள், ஆக நான்கு பேர். விறகுத்தொட்டி சபாபதி முதலியார், அவர் சம்சாரம் பாக்கியத்தம்மாள், மகள் தனக்கோட்டி, வீட்டோடு மாப்பிள்ளை வேதாசலம், நான்கு பேர். வடக்குத் தெருவில் ரயில் பட்டறைக்குப் போகிறவர்களின் ஐந்து வீடுகளில் இருபத்தேழு பேர். செக்கு வைத்திருந்த அண்ணாமலைச் செட்டியார் வீட்டில், எண்பது வயதான அவருடைய பெரியப்பாவையும் சேர்த்து, ஒன்பது பேர். சலவைக்காரர் வீட்டில் ஐந்து பேர். பூக்கட்டும் ரங்கநாயகி, கண் தெரியாத அவள் புருஷன் குழந்தைவேலு, இரண்டு பேர். கால்வாய்க் கரையில் தோல் கிடங்கு ஆட்களின் ஆறு குடிசைகளில் பதினெட்டுப் பேர். அவர்களில் எட்டியப்பனை மட்டும் பாயோடு தூக்கி வந்திருந்தார்கள். கல்யாணத் தரகர் துரைக்கண்ணு, தனியாள். முதலியார் தொட்டியில் சவுக்குக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்த சடகோபனாகிய நான், தனியாள். மொத்தம் எழுபத்தொன்று.

வயிற்றில் இருந்தவர்களை எண்ணவில்லை. மூன்று பெண்கள் முழுகாமல் இருந்தார்கள். பிறக்காததை எண்ணினால் கண் பட்டுவிடும் என்பதால் எங்கள் பக்கத்தில் யாரும் அப்படி எண்ணுவதில்லை, அன்றும் எண்ணவில்லை.

பட்டணத்துக்கு வெளியே, ரயில்வே கேட்டுக்கும் கால்வாய்க்கும் நடுவில் இருந்த சின்னப் பேட்டை அது. அந்த ஆடியில் வாந்திபேதி கால்வாய் வழியாக வந்துகொண்டிருந்தது. எல்லையம்மனுக்குக் காப்புக் கட்டினால், கட்டிக்கொண்டவர்கள் பகலில் எங்கே போனாலும் இருட்டுவதற்குள் எல்லைக்குள் திரும்பிவிட வேண்டும், கரகத்தைக் கால்வாயில் விட்டு அம்மனை அனுப்பிய பிறகுதான் கயிற்றை அவிழ்க்க வேண்டும் என்பது வழக்கம். தணிகாசலம் மஞ்சள் கயிறுகளைத் தட்டில் வைத்து, "எழுபத்தோரு தலை, தாயே. இந்தக் கணக்கு கலையாம பாத்துக்கோ" என்று சொல்லி ஒவ்வொரு கையாகக் கட்டினார். தோல் கிடங்கு ஆட்களுக்கு மட்டும் கயிறுகளை இலையில் வைத்துத் தள்ளிவிட்டார். அவர்கள் ஒருவர் கையில் ஒருவர் கட்டிக்கொண்டார்கள். எட்டியப்பன் மட்டும் யாரையும் எதிர்பாராமல், ஒரு முனையைப் பல்லில் கடித்து இழுத்துத் தானே கட்டிக்கொண்டார்.

அன்று பிற்பகல் முனிசிபாலிட்டி சேவகர்கள் வந்து, நோய்க் காலத்தில் கூட்டம் கூடக் கூடாது, கால்வாயில் யாரும் இறங்கக் கூடாது என்று தண்டோரா போட்டு, கரை நெடுக முள்வேலி அடித்துவிட்டுப் போனார்கள். கரகம் கோவிலிலேயே நின்றுவிட்டது. கிணற்றில் விட்டுவிடலாமா என்று கேட்டதற்கு, வந்த வழியாகத்தான் அம்மன் போவாள் என்று பூசாரி சொல்லிவிட்டார். ஆகவே எழுபத்தோரு பேரும் கயிற்றோடு வீட்டுக்குப் போனோம், கயிற்றோடு குளித்தோம், கயிற்றோடு வேலைக்குப் போனோம், அது கறுத்துப் போய்க் கையின் நிறத்துக்கு வந்துவிட்டது.

அதிலிருந்து ஆவாரம்பேட்டையில் யாரும் சாகவில்லை. வாந்திபேதி கண்ட நான்கு பேர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார்கள். பட்டறையில் கொதிகலன் மூடி விழுந்து நெஞ்சு நசுங்கியவன் மறுவாரம் வேலைக்குப் போனான். இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை, அம்மன் கேட்டதைச் செய்கிறாள், அவ்வளவுதான். யாரும் பிறக்கவில்லை என்பது தெரியத்தான் நாளாயிற்று. மூன்று பெண்களுக்கும் பத்து மாதம் கடந்தது, பன்னிரண்டு கடந்தது, மருத்துவச்சி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி வெற்றிலை வாங்கிக்கொண்டு போனாள், வலி மட்டும் வரவில்லை. செட்டியார் தம் மருமகளை ரயிலேற்றிப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தார். அன்று அந்தி சாயும் நேரத்தில் அவள் ஆஸ்பத்திரிப் புடவையோடு தண்டவாளத்தின் ஓரமாக நடந்து வந்து, யாரோடும் பேசாமல் வீட்டுக்குள் போய் விளக்கேற்றினாள். எப்படி வந்தாய் என்று கேட்டால், கால் வந்தது என்றாள். கயிறு கட்டியவர்கள் எல்லோருடைய காலும் அப்படித்தான் இருந்தது.

பங்குனியில் முனிசிபாலிட்டியிலிருந்து ஜனன மரணக் கணக்கு எடுக்கும் ஐயா வந்தார். கோட்டும் தலைப்பாகையும் போட்டவர், நல்ல மனிதர். கோவில் முன்னால் எங்களைக் கூட்டி வைத்து, லண்டனுக்கு வெளியே இதே மாதிரி ஒரு பேட்டை இருக்கிறது, அங்கே வருஷத்துக்கு ஆயிரம் பேருக்குப் பதினோரு பேர்தான் சாகிறார்கள், அதைப் பத்திரிகையில் போட்டுப் பெருமைப்படுகிறார்கள், ஆவாரம்பேட்டையிலோ போன வருஷம் ஆயிரத்துக்கு நாற்பத்திரண்டு, இந்த வருஷம் பூஜ்யம் என்றார்.

"நாங்களே எழுவத்தோரு பேரு" என்றார் துரைக்கண்ணு. "ஆயிரத்துக்கு மீதி ஆளை எங்கேர்ந்து கொண்டு வர்றதுங்க?"

ஐயா விளக்கிச் சொன்னார். யாருக்கும் புரியவில்லை. நான் அன்று மாலை கட்டைகளை அடுக்கி வைத்துப் பார்த்தேன். எழுபது சொச்சம் பேரில் மூன்று பேர் போனால் அது ஆயிரத்துக்கு நாற்பத்திரண்டு ஆகும். சரியாகத்தான் சொல்லியிருந்தார். அந்த மூன்றில் ஒன்று தனக்கோட்டியின் நாலாவது குழந்தை.

தனக்கோட்டி நாலு பெற்று நாலையும் ஒரு வயதுக்குள் பறிகொடுத்தவள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு அன்று கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். முனிசிபாலிட்டி முழுக்கப் பார்த்தால் பிறக்கிற ஆயிரம் குழந்தைகளில் முந்நூற்றுப் பன்னிரண்டு ஒரு வயதைத் தாண்டுவதில்லை என்று ஐயா சொன்னபோது அவள் கேட்டாள்:

"அந்த முந்நூத்துப் பன்னெண்டுல என்னோட நாலும் இருக்குதுங்களா?"

ஐயா தாளைப் புரட்டிப் பார்த்தார். "ஒன்று இருக்கும் அம்மா. மற்றது முந்தின வருஷங்களில் சேரும்."

"அப்ப எங்கேயோ இருக்குது" என்றாள் அவள்.

இந்த வருஷம் ஏன் ஜனனமும் பூஜ்யம் என்று ஐயா கேட்டார். மூன்று பேர் முழுகாமல் இருக்கிறார்கள் என்று பூசாரி சொன்னார். எத்தனை மாசம் என்றார் ஐயா. "இந்தப் பொண்ணுக்குப் பதினஞ்சு" என்றாள் பூக்கார ரங்கநாயகி. ஐயா அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஐந்து என்று எழுதிக்கொண்டார்.

சித்திரையில்தான் விஷயம் பிடிபட்டது. ரங்கநாயகியின் புருஷன் குழந்தைவேலு வெகுநாளாக இழுத்துக்கொண்டு கிடந்தார். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் முழுகாமல் இருந்த மூவரில் ஒருத்தியான பட்டறைக்காரன் மனைவி செங்கேணிக்கு இருந்தாற்போலிருந்து இடுப்பு வலி கண்டது. இந்தப் பக்கம் அவர் தலை சாய, அந்தப் பக்கம் பெண் குழந்தை கத்த, இரண்டும் ஒரே மூச்சில் நடந்து, அழுகைச் சத்தம் கேட்டு ஓடியவர்கள் எந்த வீட்டுக்குள் நுழைவது என்று தெரியாமல் நடுவில் நின்றார்கள். அப்போது துரைக்கண்ணுதான் சொன்னார்:

"இத பாருங்க, வாசல்ல ரெண்டு பேரு எதிரும் புதிருமா நின்னுக்கிட்டு, நீங்க போங்க, இல்ல நீங்க வாங்கன்னு சொல்லிட்டிருந்தா எப்பிடி? அப்பிடித்தான் நின்னுட்டிருக்கு நம்ம பேட்டை. ஒருத்தரு குறையவும் கூடாது, கூடவும் கூடாது. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தோளை இடிச்சிக்கிட்டுத்தான் நுழையணும்."

குழந்தைவேலுவின் கயிற்றை அவிழ்த்து அந்தக் குழந்தையின் கையில் கட்டினார்கள். கணக்கு எழுபத்தொன்றாகவே இருந்தது. செங்கேணி வீட்டார் ரங்கநாயகிக்குப் புடவை வைத்துக் கொடுத்தார்கள். இரண்டு வீட்டுக்கும் என்ன உறவு என்று சொல்லத் தெரியாமல் சம்பந்தி என்று அழைத்துக்கொண்டார்கள். ரங்கநாயகி தினமும் அந்தத் தொட்டில் பக்கம் போய் உட்கார்ந்து, "ஏங்க, பொழுது விடிஞ்சி இந்நேரம் ஆச்சு, இன்னும் தூக்கமா?" என்று மரியாதையாகக் கேட்பாள். குழந்தை அவள் குரல் வரும் திசையில் தலையைத் திருப்பும், கண்ணால் தேடாது.

துரைக்கண்ணு அதன்பின் கல்யாணத் தரகை விட்டுவிட்டு இந்தப் பொருத்தம் பார்க்க ஆரம்பித்தார். செட்டியார் மருமகளுக்கு யாரும் தேட வேண்டியிருக்கவில்லை, வீட்டிலேயே எண்பது வயதுப் பெரியப்பா இருந்தார். ஆனால் அவருக்கு ஒரு நோயும் கிடையாது. வீட்டார் எல்லோரும் காலையில் அவர் பாயைச் சுற்றி வந்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார்கள். "நல்லா இருக்குதுடா" என்பார் அவர். "நான் போனாத்தான் அது வரும்னா, அது உள்ளயே மோரு குடிச்சிட்டுக் கெடக்கட்டும்." ஆனியில் ஒரு நாள் பலாச்சுளை தின்றுகொண்டிருக்கும்போது, அடுத்த அறையில் மருமகள் ஐயோ அம்மா என்றாள். கிழவர் சுளையைக் கீழே வைத்து, "சரி, வரச் சொல்லு" என்று சொல்லிச் சாய்ந்துவிட்டார். ஆண் குழந்தை. கையில் கயிற்றைக் கட்டும்போது பலாப்பழ வாசனை அடித்தது என்று பூசாரி என்னிடம் சொன்னார். நான் முகர்ந்து பார்க்கவில்லை.

மிச்சம் நின்றவள் தனக்கோட்டி. சாவுக்காகக் காத்திருந்தவர் எட்டியப்பன்.

எட்டியப்பனுக்கு அறுபத்திரண்டு வயது. தோல் கிடங்கில் சுண்ணாம்புக் குழியில் நாற்பது வருஷம் நின்று கால் இரண்டும் வெந்து போய், நெஞ்சும் புண்ணாகிவிட்டது. காப்புக் கட்டிய அன்றே அவர் பிழைக்கமாட்டார் என்றுதான் பாயோடு தூக்கி வந்தார்கள். அதிலிருந்து ஒரு வருஷமாக, கடைசி மூச்சு என்று சொல்வார்களே, அந்த மூச்சையே விட்டுக்கொண்டு கிடந்தார். தண்ணீர் இறங்கவில்லை, உயிர் இறங்கவில்லை.

துரைக்கண்ணு முதலியாரிடம் வந்து பேச்செடுத்தார். நான் கட்டைகளுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"தோல் கிடங்குக்காரன் மூச்சுல என் பேரன் வரணுமா?" என்றார் முதலியார்.

"வேற மூச்சு இப்ப கைவசம் இல்லீங்க, முதலியார். எல்லாரும் திடமா இருக்காங்க. உங்களையே வேணா கேட்டுப் பாக்கலாம்."

முதலியார் எழுந்து உள்ளே போய்விட்டார். ஆனால் உள்ளே தனக்கோட்டியும் வேண்டாம் என்றுதான் சொன்னாள். அவள் சொன்னதற்குக் காரணம் வேறு. உள்ளே இருக்கிறவரை அது சாகாது. வெளியே வந்தால், கையில் கயிறு இருக்கிறவரை சாகாது. ஒரு நாள் மழை வரும், வேலியைப் பிரிப்பார்கள், கரகம் போகும், கயிற்றை அவிழ்ப்பார்கள். பிறகு? "இருக்கட்டும், உள்ளயே இருக்கட்டும்" என்றாள். வேதாசலம் அவளோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவனும் இருக்கட்டும் என்றான். எது சரி என்று பேட்டையில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஆடி பிறந்ததும் தோல் கிடங்கு ஆட்கள் காலையில் எட்டியப்பனைப் பாயோடு தூக்கிக்கொண்டு வந்து, தொட்டிக்கு எதிரே புங்கமரத்தடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள், மாலையில் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் எதுவும் கேட்கவில்லை. மரத்தைப் பார்த்துப் படுத்திருப்பார். நாலைந்து நாள் அப்படிப் போனது. பிறகு ஒரு நாள் தனக்கோட்டி வாசலுக்கு வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எட்டியப்பா, நீ இங்க வந்து கெடந்தா நான் மனசு மாறிடுவேன்னு பாக்கறியா?"

"இல்லம்மா. குடிசையில வெயில் இறங்குது. இங்க நெழலு." கொஞ்சநேரம் மூச்சைத் தேடிக்கொண்டார். "ஒண்ணு கேக்கலாமா? உள்ள இருக்கறது உதைக்குதா?"

அவள் தூணில் சாய்ந்துகொண்டாள்.

"முன்ன உதைச்சிது. இப்ப இல்ல. எப்பவாச்சும் திரும்பிப் படுக்குது."

"எனக்கும் அப்பிடித்தாம்மா. முன்னல்லாம் வலி உதைக்கும். இப்ப அதுவும் உதைக்கறதில்ல. திரும்பிப் படுக்குது, அவ்ளோதான்."

தனக்கோட்டி வயிற்றின் மேல் கையை வைத்தாள். நெடுநேரம் வைத்திருந்தாள். புங்கம்பூ ஒன்றிரண்டு அவர் பாயின் மேல் விழுந்தது.

"வெளிய வந்தா நாலு மாதிரி இதுவும் போயிடும்" என்றாள்.

"போகலாம். போகாதுன்னு நான் எப்பிடிச் சொல்றது. எங்க ஆத்தா ஒம்பது பெத்துச்சு. நான் ஒருத்தன்தான் நின்னேன். ஏன் நின்னேன்னு அதுக்கும் தெரியல, எனக்கும் தெரியல."

அவள் உள்ளே திரும்பி, "நைனா" என்று கூப்பிட்டாள். "அவரைத் தூக்கி உள்ள கொண்டாரச் சொல்லு."

முதலியார் வாசற்படியில் வந்து நின்றார். வீட்டுக்குள் கூடாது, தொட்டிக்குள் வேண்டுமானால் இருக்கட்டும், நடுவில் சுவர் வேண்டும் என்றார். அவரால் அதற்கு மேல் இறங்கிவர முடியவில்லை. நான் சவுக்குக் கட்டைகளை அடுக்கி, தொட்டிக் கொட்டகையின் குறுக்கே ஆள் உயரத்துக்கு ஒரு சுவர் வைத்தேன். ஒரு பக்கம் எட்டியப்பனின் பாய். மறுபக்கம் தனக்கோட்டி, அவள் அம்மா, மருத்துவச்சி. முதலியார் வெளியே போய்த் தராசுத் தட்டில் கட்டைகளை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, வாங்க ஆளில்லாமலே நிறுத்துக்கொண்டிருந்தார்.

வலி காலையிலேயே வந்துவிட்டது. அவள் பக்கம் வலி ஏற ஏற இவர் பக்கம் மூச்சு இறங்கியது. அவள் அலுத்து நிறுத்தினால் இவரும் நின்றார். அப்படி உச்சிவரை போனது. பிறகு, "சடகோபா, ஒரு கட்டைய உருவு" என்று தனக்கோட்டியின் குரல் கேட்டது. நான் நடுவரிசையில் ஒன்றை உருவினேன். அந்த இடைவெளியில் அவள் கை வந்தது. வளையல்களோடு வந்து துழாவி, எட்டியப்பனின் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அவர் அந்தக் கையைப் பார்த்தார். தம்மைத் தொட்ட கை என்று நினைத்தாரா, வேறு எதை நினைத்தாரா, எனக்குத் தெரியாது. "வா" என்றார். என்னைச் சொல்கிறாரோ என்று நான் கிட்டே போனேன். அந்தப் பக்கம் குழந்தை கத்தியது. இந்தப் பக்கம் விரல்கள் தளர்ந்தன. அவள் கை கயிற்றை மெதுவாக உருட்டி, இளைத்துப்போன அந்த மணிக்கட்டிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு, வந்த வழியே போனது.

ஆண் குழந்தை. ஏட்டில் சபாபதி என்று தாத்தாவின் பெயரை எழுதினார்கள். தனக்கோட்டி எட்டி என்றுதான் கூப்பிட்டாள். எட்டியப்பனைச் சுடுகாட்டில் எரிக்க விறகு முதலியார் கொட்டகையிலிருந்தே போனது. நான் வைத்த சுவரைத்தான் பிரித்துக் கொடுத்தார்.

ஐப்பசியில் மழை கொட்டிக் கால்வாய் நிறைந்தது. முனிசிபாலிட்டி வேலியைப் பிரித்தது. மேளத்தோடு கரகத்தைக் கரைக்குக் கொண்டுபோய், அம்மனை வழியனுப்பி, ஒவ்வொருவராகக் கயிற்றை அவிழ்த்துத் தட்டில் போட்டோம். செங்கேணி தன் குழந்தையின் கயிற்றைப் போட்டாள், செட்டியார் மருமகள் போட்டாள், தோல் கிடங்கு ஆட்கள் இலையில் வைத்துத் தள்ளினார்கள், பூசாரி அதையும் தட்டில் கவிழ்த்தார். எண்ணச் சொன்னார். நான் எண்ணினேன், எழுபது. மறுபடி எண்ணினேன். தனக்கோட்டி பிள்ளையின் மணிக்கட்டைத் தன் கைக்குள் மூடிக்கொண்டு நின்றிருந்தாள்.

"எல்லாக் கயிறும் போகணும், அம்மா" என்றார் பூசாரி.

"எல்லாம் போகட்டும். இது இருக்கட்டும்."

இப்படி ஒன்று முன்னால் நடந்திருந்தால் அதற்கும் ஒரு வழக்கம் இருந்திருக்கும். தணிகாசலம் தட்டைத் தண்ணீரில் கவிழ்த்தார்.

அடுத்த வருஷம் ஆவாரம்பேட்டையில் ஆறு பேர் இறந்தார்கள், எட்டுக் குழந்தைகள் பிறந்தன. மூன்று குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. அதில் ஒன்று செங்கேணியின் பெண். ரங்கநாயகி இரண்டாவது தடவையாகக் கொஞ்சநாள் பூக்கட்டாமல் இருந்தாள். கணக்கு ஐயா வந்து, மிகவும் வருத்தப்பட்டு எழுதிக்கொண்டு போனார். எட்டி அந்த மூன்றில் இல்லை.

அம்மை வந்தது, அவன் எழுந்தான். கால்வாயில் விழுந்தான், தானே கரையேறினான். மணிக்கட்டு பெரிதாகப் பெரிதாகக் கயிறும் கூடவே இடம் கொடுத்தது. பட்டணத்தில் வேலை கிடைத்தது, அந்தி சாய்ந்தால் கால் திரும்பிவிடும் என்பதால் இரவு வேலை எதையும் ஏற்கவில்லை. காஞ்சிபுரத்தில் பார்த்த பெண்ணுக்குப் பேட்டையிலேயே கொட்டகை போட்டுத்தான் தாலி கட்டினான். தனக்கோட்டி சாகும்போது என்னைக் கூப்பிட்டனுப்பி, "நான் பண்ணது சரிதானா, சடகோபா?" என்று கேட்டாள். எத்தனை என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சரியா என்று கேட்டாள். பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று மட்டும் சொன்னேன்.

இப்போது பேட்டையைப் பட்டணம் விழுங்கிவிட்டது. கால்வாயின் மேல் பாலம் வந்துவிட்டது. அன்று கயிறு கட்டிக்கொண்டவர்களில் நான் மட்டும் இருக்கிறேன், எனக்கு எண்பத்து மூன்று முடிந்துவிட்டது. எட்டிக்கு அறுபத்திரண்டு. இரண்டு வருஷமாக அவனுக்கு நெஞ்சில் நோய். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, இந்த நெஞ்சோடு எப்படி நடமாடுகிறார் என்று வீட்டாரைக் கேட்டார்களாம். நேற்று, எல்லைக்கு வெளியே இப்போது நான் குடியிருக்கும் வீட்டுக்கு என்னைப் பார்க்க வந்தான்.

"வலி எப்படி இருக்குதுடா?" என்றேன்.

"முன்ன மாதிரி இல்ல, சடகோபண்ணே. முன்ன உதைக்கும். இப்ப திரும்பிப் படுக்குது, அவ்ளோதான்."

இந்த வார்த்தையை அவனுக்கு யாரும் சொன்னதில்லை. அன்று புங்கமரத்தடிப் பேச்சைக் கேட்டவர்கள், தொட்டியில் இருந்த என்னையும் சேர்த்து, மூன்று பேர். ஒருவர் அவன் பிறந்த அந்த நொடியிலேயே போய்விட்டார். அவன் தாய் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவன் கையை என் மடியில் வைத்தான். "அவுத்துரட்டுமா, அண்ணே?"

"அவுத்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது."

"அவுக்கலன்னா?"

"அதுவும் தெரியாதுடா."

அவன் கையை எடுக்கவில்லை. முடிச்சைத் தடவிப் பார்த்தேன். பிள்ளை கையில் தனக்கோட்டி போட்ட முடிச்சு, கல் மாதிரி இறுகியிருந்தது. வெளியே வெயில் மங்கிக்கொண்டு வந்தது. அவன் கால் தானாக வாசல் பக்கம் திரும்புவதைப் பார்த்தேன். போய் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே எழுந்தான். காலையில் வருவான். கத்தரி ஒன்று எடுத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். எதற்கு வைத்தேன் என்று இரவெல்லாம் யோசித்தும் தெளியவில்லை.

கட்டிய கயிறு எழுபத்தொன்று. கால்வாயில் போனது எழுபது. மீதி ஒன்று.